பின்கொட்டகையில் பால் குடிக்கும் சத்தம்

இந்தப் பேச்சை எடுத்தாலே என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விடுவார். அவர் அப்போது அங்கே இல்லை. நான் இருந்தேன். என் மகள் இருந்தாள். நடந்தது நடந்ததுதான்.

என் பெயர் கெசியா. எங்களுக்குச் சொந்த வீடு கிடையாது. வாலாஜாபாத் செங்கல் சூளை, படப்பை கோழிப் பண்ணை என்று வேலை கிடைக்கிற இடத்தில் ஆறு மாதம், ஒரு வருடம் தங்குவோம். 2023 நவம்பரில் திருநீர்மலையைத் தாண்டி ஒரு மாட்டுப் பண்ணையில் சேர்ந்தோம். ஏரிக்கரை மண்பாதையில் இரண்டு கிலோமீட்டர் உள்ளே போக வேண்டும். சுற்றிலும் ஒரு வீடு இல்லை. முன்கொட்டகையில் இருபது கறவை மாடுகள். பின்கொட்டகையில் பால் வற்றிய சினை மாடுகள் ஏழு. ஓரமாக எங்களுக்கு ஒரு தகர ஷீட் அறை. முதலாளி முனீர் பாய் கீழ்க்கட்டளையிலிருந்து வாரம் ஒருமுறை வருவார்.

சேர்ந்த நான்காம் நாள். நல்ல மழை. வீட்டுக்காரர் ஜெபசீலன் சாயங்காலப் பாலை வண்டியில் ஏற்றிக்கொண்டு கோவிலம்பாக்கம் போயிருந்தார். நான் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன். ஐந்து வயது பிளஸ்ஸி அறையில் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

6.40. கரண்ட் போனது.

பாப்பா பயப்படுவாளே என்று செல்போன் டார்ச்சோடு ஓடினேன். அறை காலி. நோட்டு விரித்தபடி கிடந்தது. செருப்பு வாசலிலேயே இருந்தது. சேற்றில் குட்டிக் காலடிகள் பின்பக்கமாகப் போயிருந்தன. ஓடின காலடிகள் இல்லை. யாரோ கையைப் பிடித்து நடத்திப் போனது போல, ஒரே சீராக...

"பிளஸ்ஸீ!"

தகரத்தில் மழைச் சத்தம் மட்டும். ஏரி ஞாபகம் வந்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"பாப்பாவக் காணோங்க!"

"இன்னாடி சொல்ற? நான் பல்லாவரத்துல மாட்டிகினு கீறேன். நல்லா தேடு, தோ வந்துடறேன்."

6.52. பின்கொட்டகையில் ஒரு சத்தம்.

சப்... சப்... சப்...

கன்று மடியை முட்டிப் பால் குடிக்கும் சத்தம். ஏதோ கன்று அவிழ்த்துக்கொண்டு போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது. அங்கே இருக்கிற எந்த மாட்டுக்கும் பால் கிடையாது.

கூடவே ஒரு பெண் குரல். பாட்டு இல்லை. "ம்... ம்ம்..." என்று ஒரே மாதிரி முனகல்.

உள்ளே போய் டார்ச்சைத் தூக்கினேன்.

ஏழு மாடுகளும் கயிறு எட்டும் மட்டும் விலகி நின்றன. ஒன்றுகூட அசைபோடவில்லை. ஏழும் ஒரே மூலையைப் பார்த்தன.

அங்கே வைக்கோல் குவியல்.

சத்தம் நின்றது.

வைக்கோல் மேல் பிளஸ்ஸி. யாரோ மடியில் கிடத்தியது போல, தலை மட்டும் உயர்ந்து... அந்தரத்தில்.

"பிளஸ்ஸி!"

தலை தொப்பென்று வைக்கோலில் விழுந்தது.

அள்ளிக்கொண்டு ஓடி, அறைக் கதவைத் தாழ் போட்டேன். மழையில் நடந்து போன பிள்ளை. ஆனால் தலை துவட்டிவிட்டது போலக் காய்ந்திருந்தது. வாயோரம் பால். தொட்டேன். வெதுவெதுப்பு.

"யாரு பால் குடுத்தா?"

"அந்த ஆன்ட்டி. அழுதாங்க. நான் குடிச்சதும் நிறுத்திட்டாங்க."

"டம்ளர் எங்க?"

"டம்ளர் இல்லம்மா."

முந்தானையால் அவள் வாயை அழுத்தித் துடைத்தேன்.

7.10. கதவுக்கு அந்தப் பக்கம்...

"ம்... ம்ம்..."

இயேசப்பா... இயேசப்பா...

7.35. வண்டி வெளிச்சம் கதவில் விழுந்தது. முனகல் நின்றது.

காலையில் மூட்டை கட்டினோம். போன் போட்டதும் முனீர் பாய் வந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. பிறகு அவரே சொன்னார்.

வினிதா. எங்களைப் போலவே ஊர் ஊராகப் போய் வேலை செய்த குடும்பம். இரண்டு வருடத்துக்கு முன் அவளுடைய ஐந்து மாதக் குழந்தை காய்ச்சலில் இறந்துபோனது. பால் கட்டிக்கொண்டு வலி தாங்காமல், சாயங்காலமானால் பின்கொட்டகை மூலையில் உட்கார்ந்து வைக்கோலில் பீய்ச்சி விடுவாளாம். குழந்தை போன பதினோராம் நாள் ஏரியில் மிதந்தாள்.

"மொதல்லயே ஏன் பாய் சொல்லல?" வீட்டுக்காரர் கத்தினார்.

"சொன்னா யாரு தம்பி வருவா? உங்களுக்கு முன்னாடி ரெண்டு குடும்பம் ஒரு வாரத்துல போயிட்டாங்க. ரெண்டு பேருக்கும் சின்னப் புள்ளைங்க."

பிளஸ்ஸியைப் பார்த்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அதுல ஒரு குடும்பம் இப்ப திருமுடிவாக்கத்துல கீறாங்க. நாலு வயசுப் பையன். போன மாசம் ஒரு நாள் இருட்டுற நேரம் அவ்ளோ தூரம் தனியா நடந்தே இங்க வந்துட்டான். ஏன்டா வந்தேன்னு கேட்டா... பசிக்குதுன்னான்."