ஷீபா தடை வாங்கிய கட்டடம்

தோற்ற வழக்குகளுக்காக ஷீபா ஒருநாளும் தூக்கம் கெட்டதில்லை. அவளை ஒரு மழைக்காலம் முழுக்கச் சோறு இறங்காமல் அடித்தது, ஜெயித்த வழக்கு.

பெருநகர் பக்கத்துக் காலனியில் பிறந்தவள். செங்கல்பட்டில் சட்டம் படித்துவிட்டு உத்திரமேரூர் கோர்ட்டுக்கு வந்தபோது, நிலம் வைத்திருந்தவர்கள் யாரும் அவளிடம் வழக்குக் கட்டு கொடுக்கவில்லை. வந்ததெல்லாம் யாரும் தொடாத வழக்குகள். ஒரு தெருவுக்கே குடிநீர்க் குழாய் மறுத்த ஊராட்சி, செத்துப்போனவர் பேரில் வீட்டு வரி கேட்ட பேரூராட்சி. அவற்றுக்காக உள்ளாட்சிச் சட்டத்தை வரிவரியாகப் படித்தாள். எந்தத் தீர்மானத்துக்கு எத்தனை நாள் முன்னால் அறிவிப்பு தரவேண்டும், யார் கையெழுத்து இல்லாவிட்டால் அது செல்லாது என்பதெல்லாம் அத்துப்படியானது. சில வருஷங்களில் கோர்ட்டு வாசலில் 'பஞ்சாயத்து வக்கீலம்மா' என்றால் அவள்தான்.

முகம்மது கௌஸ் வந்தது அந்தப் பெயரைக் கேட்டுத்தான். அவருடைய ஊரின் பெயர் இங்கே வேண்டாம். உத்திரமேரூரிலிருந்து பஸ் ஏறினால் அரைமணியில் போய்விடலாம். பஸ் நிற்கும் இடத்தை ஒட்டிப் பேரூராட்சி கட்டிவிட்ட பழைய கடை வரிசை ஒன்று உண்டு. அதில் கௌஸ் பிளாஸ்டிக் பக்கெட்டும் கயிறும் அலுமினியக் குண்டானும் விற்றார். அவர் அத்தா என்று சொல்லும் அவருடைய அப்பாவும் அதே கடையில்தான் விற்றார். கட்டடம் பழுதாகிவிட்டது, இடித்துவிட்டு மாடி வைத்த வணிக வளாகம் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று கடைக்காரர்களுக்கு நோட்டீஸ் வந்திருந்தது.

"கட்டட்டும் மேடம், வேணான்னு சொல்லல" என்றார் கௌஸ். "ஆனா ஒருதபா வெளிய போனா உள்ள வர முடியாது. புதுசா கட்டி ஏலம் வுடுவாங்க. ஏலத்துல எங்களால நிக்க முடியுமா? எவனோ காசுக்காரன் எட்த்துக்கினு போய்டுவான். நாங்க இன்னா பண்றது?"

அந்தப் பயம் நியாயமானது என்று ஷீபாவுக்குத் தெரியும். பக்கத்து ஊர்களில் அப்படித்தான் நடந்திருந்தது. அவள் நோட்டீசைப் பார்த்தாள். அவகாசம் போதாது. கூடவே இருந்த பொறியாளர் சான்றில் 'கட்டடம் உறுதியற்ற நிலையில் உள்ளது' என்று ஒற்றை வரி. எந்தத் தூண், எந்தக் கூரை, யார் ஏறிப் பார்த்தார்கள், என்ன சோதனை செய்தார்கள் என்று ஒன்றுமில்லை. கோர்ட்டில் அவள் அந்த ஒற்றை வரியைத்தான் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். இடைக்காலத் தடை கிடைத்தது. கடைக்காரர்கள் பஸ்ஸிலேயே எல்லோருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டு ஊருக்குப் போனார்கள்.

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்ட பிறகு, ஒரு பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்து வாங்க ஷீபா அந்த ஊருக்குப் போனாள். கௌஸ் கடை வாசலில், சன்ஷேடுக்கு அடியில், சிட்டம்மாள் என்ற பெண் பூக்கூடையோடு உட்கார்ந்திருப்பாள். அன்று அவள் தார்ப்பாய் பறக்காமலிருக்க ஓர் ஓரத்தில் சிமென்ட் கட்டி ஒன்றை வைத்திருந்தாள். நல்ல கனம். ஒரு பக்கம் பழைய நீலச் சுண்ணாம்பு.

"இது ஏதும்மா?" என்றாள் ஷீபா.

"மேலேந்துதான். நேத்து வியுந்துது. நல்லவேள, நான் டீ குடிக்கப் பூட்டேன்."

ஷீபா அண்ணாந்து பார்த்தாள். சன்ஷேடின் அடிப்பக்கம் பெயர்ந்து, துருவேறிய கம்பிகள் விலா எலும்பு மாதிரி தெரிந்தன. தண்ணீர் அந்தக் கம்பி வழியாக ஊர்ந்து வந்து சொட்டியது. உள்ளே கூரையிலும் ஈரம் படர்ந்திருந்தது. கௌஸ் அதற்கு அடியில் இரண்டு பக்கெட் வைத்திருந்தார்.

"பாய், இது எத்தினி நாளா இப்டி கீது?"

"எங்க அத்தா காலத்துலேந்து ஒயுவிக்கினுதான் கீது மேடம். நீங்க ஏன் பேஜாராவுறீங்க? இங்க கையெழுத்துதான?"

"பூச்சு வேலையாவது பண்ணச் சொல்லலாமே?"

"கேட்டோம். கேஸு கோர்ட்ல கீது, நாங்க தொட மாட்டோம்னுட்டாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது அந்தப் பதில்தான் அவள் தலைக்குள் ஓடியது. கட்டடத்தை இடிக்கவும் முடியாது, பழுது பார்க்கவும் ஆளில்லை. அப்படி நிற்க வைத்தது அவள் வாங்கிய தடை. அதன் அடியில் உட்கார்ந்திருப்பவள் வழக்கிலேயே இல்லை. சிட்டம்மாள் வாடகைதாரர் அல்ல, நோட்டீஸ் வாங்கியவளும் அல்ல. அவள் பெயர் எந்தக் காகிதத்திலும் கிடையாது.

அதன் பிறகு மேகம் கருத்தாலே ஷீபாவுக்கு அந்தச் சன்ஷேடுதான் ஞாபகம் வந்தது. கோர்ட்டில் வேறு வழக்கு நடந்துகொண்டிருக்கும்போது ஜன்னலைப் பார்ப்பாள். அந்த ஊர் நம்பரிலிருந்து போன் வந்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு எடுப்பாள். கயிறு விலையைப் பற்றிக் கௌஸ் யாரிடமோ பேச வேண்டி எண் மாறி அடித்திருப்பார். அவள் அதற்குள் சிட்டம்மாள் எங்கே என்று கேட்டுவிட்டிருப்பாள். தட்டில் பிசைந்த சோறு அப்படியே இருப்பதைப் பார்த்து அம்மா அம்முலு ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"கேஸுதான் கெலிச்சியே, இன்னாத்துக்குடி மூஞ்சிய இப்டி வெச்சினு கீற?"

"கெலிச்சதாலதாம்மா."

அம்முலுவுக்கு அது புரியவில்லை. ரசத்தை மட்டும் கொஞ்சம் ஊற்றிவிட்டுப் போனாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்காரர்களைக் கூட்டி வைத்து ஷீபா பேசினாள். தற்காலிகக் கொட்டகை கேட்கலாம், புது வளாகத்தில் அதே ஆட்களுக்குக் கடை என்று கோர்ட்டிலேயே பதிவு செய்து வாங்கலாம், அதன் பிறகு காலி செய்துவிடலாம் என்றாள். வளையல் கடை அப்துல் பாசித் முதலில் ஆரம்பித்தார்.

"தடையும் நீங்கதான் வாங்கிக் குட்த்தீங்க. இப்ப காலி பண்ணுன்னும் நீங்களே சொல்றீங்க. எங்களுக்கு இன்னா புரியுறது?"

"உயிரோட வெளையாட வேணாம் பாய்."

"யாரு பேசச் சொன்னாங்க மேடம்?"

அந்தக் கேள்வியின் அர்த்தம் அவளுக்குத் தெரிந்தது. எதிர்த்தரப்பில் காசு வாங்கிவிட்டாள் என்கிறார்கள். கௌஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஷீபாவின் காது மடல் சுட்டது. ஆனாலும் எழுந்து போகவில்லை.

"என்ன நம்ப வேணாம். நீங்களே ஒரு இன்ஜினியர கூட்டிக்கினு வந்து காட்டுங்க. அவரு நல்லா கீதுன்னு எழுதிக் குட்த்தா, கடைசி வரைக்கும் நானே வாதாடுறேன். இல்லன்னா வேற வக்கீல பாத்துக்கங்க."

அவர்கள் காஞ்சிபுரத்திலிருந்து ஓர் இன்ஜினியரைக் கூட்டிவந்தார்கள். அவர் சுத்தியலால் இங்குமங்கும் தட்டிப் பார்த்துவிட்டு, விழும் என்றும் சொல்லவில்லை, நிற்கும் என்றும் எழுதித் தரவில்லை. எழுதித் தராததுதான் கௌஸை அசைத்தது. "பேசிப் பாருங்க மேடம்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

பேரூராட்சிச் செயல் அலுவலர் பாண்டுரங்கன் கெட்டவர் அல்ல, பயந்தவர். "ஏலம் இல்லாம கடையைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லம்மா. நாளைக்குத் தணிக்கையில நான்தான் பதில் சொல்லணும்" என்றார். ஷீபா மன்றத் தீர்மானம் கேட்டாள், மேலிடத்து அனுமதி கேட்டாள், ஒவ்வொரு மேஜையாக ஏறி இறங்கினாள். அந்த நாட்களிலும் மழை விடவில்லை. தினம் காலையில் கௌஸுக்குப் போன் செய்து, "சிட்டம்மாவ கொஞ்சம் தள்ளி ஒக்காரச் சொல்லுங்க" என்பாள். நேரிலும் சொல்லிப் பார்த்தாள்.

"தள்ளி ஒக்காந்தா யாரும்மா பூ வாங்குவாங்க? பஸ்ஸு இங்கதான நிக்கிது" என்றாள் சிட்டம்மாள்.

மார்கழியில் சமரச மனு கோர்ட்டில் பதிவானது. கடைக்காரர்களுக்குத் தகரக் கொட்டகை, புது வளாகத்தில் முன்னுரிமை, வாடகை மட்டும் அரசு மதிப்பீட்டின்படி. சிட்டம்மாளை அதில் சேர்க்க வழியில்லை. தெருவோர வியாபாரிகள் சட்டத்தின் கீழ் அவளுக்குத் தனியாக ஒரு விண்ணப்பத்தை ஷீபாவே எழுதி, அவள் கைநாட்டை வாங்கி, பாண்டுரங்கன் மேஜையில் வைத்தாள்.

கடைகள் காலியாயின. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஷீபா அன்று இரண்டாம் முறை சோறு கேட்டுச் சாப்பிட்டாள்.

தை பிறந்து இடிக்க ஆரம்பித்தபோது அவளும் போயிருந்தாள். ஜேசிபியின் கை பட்டதும் சன்ஷேடு மொத்தமாகச் சரிந்தது. கூட்டம் 'ஐயோ' என்றது. ஆனால் தூண்களும் கூரையும் லேசில் மசியவில்லை. இரண்டாம் நாள் இயந்திரத்தின் பல் உடைந்தது. பெரிய வண்டி வேறு வரவழைத்தார்கள். வேலை முடிய ஒரு வாரம் பிடித்தது.

கௌஸ் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "இதுவா மேடம் வியுற கட்டடம்?"

"சன்ஷேடு வியுந்துதே பாய்."

"ஜேசிபி இட்ச்சா மல கூட வியும்."

அந்த மழையில் அது விழுந்திருக்குமா, இன்னும் இருபது வருஷம் நின்றிருக்குமா என்று ஷீபாவுக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. தெரிந்துகொள்ள வழியே இல்லாமல் செய்தவளும் அவள்தான்.

புது வளாகம் வர இரண்டு வருஷமானது. அதற்குள் தகரக் கொட்டகை வெயிலில் வியாபாரம் படுத்து, அப்துல் பாசித் கடையை விட்டுவிட்டு வாலாஜாபாத்துக்குப் போய்விட்டார். கௌஸுக்குக் கடை கிடைத்தது. வாடகை இரட்டிப்பு. சிட்டம்மாளுக்கு அடையாள அட்டை வந்தது, ஆனால் கொடுத்த இடம் வளாகத்தின் பின்பக்கம். அவள் அங்கே போகாமல் பஸ் நிற்கிற இடத்திலேயே உட்கார்கிறாள். அவ்வப்போது எழுப்பிவிடுகிறார்கள், ஷீபா போன் செய்கிறாள், மறுபடி உட்கார்கிறாள்.

கௌஸ் அதன் பிறகு அவளிடம் வழக்கு எதுவும் கொண்டுவரவில்லை. மருமகள் சைமாவின் வீட்டுப் பத்திரத்தைக்கூட வேறு வக்கீலிடம் கொடுத்தார். வழியில் பார்த்தால் "நல்லாகீறீங்களா மேடம்" என்பதோடு சரி.

போன மாதம் வேறோர் ஊரிலிருந்து சிலர் வந்தார்கள். பழைய சமுதாயக் கூடத்தை இடிக்கப் போகிறார்களாம், தடை வாங்க வேண்டுமாம். நோட்டீசில் தேதி தப்பாக இருந்தது. எளிதில் ஜெயிக்கிற வழக்கு. ஷீபா அந்தக் காகிதத்தைப் படித்து மேஜையில் வைத்தாள்.

"வக்காலத்து அப்பறம் போட்டுக்கலாம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள். "மொதல்ல கட்டடத்தக் காட்டுங்க. ஏணி ஒண்ணு கெடைக்குமா?"