சந்தில் விழுந்தவர்கள்

வெளிநாட்டுப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அந்த விடுதியில் அவளுக்கு நீளமான பதவிப் பெயர் ஒன்று உண்டு. நியமன உத்தரவில் அடித்ததோடு சரி, அப்புறம் யாரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை. பிள்ளைகளுக்கு அவள் மேசை அக்கா. வாசலுக்கு நேரே கிடந்த மரமேசைக்குப் பின்னால் பதினெட்டு வருஷமாக உட்கார்ந்திருந்தாள். அறைச் சாவி கொடுப்பாள், தபால் பிரித்து வைப்பாள், வெளியே போகிறவர்களையும் திரும்பி வருகிறவர்களையும் பதிவேட்டில் நேரம் எழுத வைப்பாள். புதிதாக வருகிறவர்களிடம் ஒரு கையேட்டைக் கொடுத்து, படித்துவிட்டேன் என்று கையெழுத்து வாங்குவாள். யாரும் படித்ததில்லை.

கையேடு நாற்பது பக்கம். அட்டையில் நாலைந்து பிள்ளைகள் புல்தரையில் உட்கார்ந்து காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருப்பார்கள். பாதுகாப்புக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தது. தனியாக நடக்காதீர்கள், கும்பலாகவும் நிற்காதீர்கள். பயந்தவர் போலத் தெரியாதீர்கள், யாரையும் முறைக்காதீர்கள். போனை வெளியே எடுக்காதீர்கள். ஆபத்து என்றால் உடனே போன் செய்யுங்கள். அடி, தாக்குதல் என்ற சொற்கள் அதில் மருந்துக்கும் கிடையாது. ‘விரும்பத்தகாத அனுபவம்’ என்றுதான் இருக்கும். சேர வருகிற பிள்ளை பயந்துபோய் வேறு பல்கலைக்கழகத்தைத் தேடிக்கொள்ளக் கூடாதல்லவா? வெளிநாட்டு மாணவர் நலப் பிரிவு இயக்குநர் தன் கையாலேயே எழுதியது அது.

பிள்ளைகளில் ஒருவனுக்கு அவள் இலக்கணம் என்று பேர் வைத்திருந்தாள். மண்ணியல் படிக்க வந்தவன். இந்த ஊர் பாஷையைத் தன் நாட்டிலேயே ஏதோ பழைய பாடப்புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்டு வந்திருந்தான். வந்த முதல் நாளே மேசை முன் நிமிர்ந்து நின்று, “வணக்கம் அம்மையீர். எனது அறையின் குழாய் இடைவிடாது ஒழுகுகின்றது” என்றான். அவளுக்குச் சிரிப்பை அடக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஆறரைக்கு அதே இலக்கணம் ஒரு கையை மறு கையால் தாங்கிக்கொண்டு உள்ளே வந்தான். உதடு கிழிந்திருந்தது. சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம்.

“அம்மையீர், மூவர் என்னைத் தாக்கினர். எனது கைப்பேசியைப் பறித்துச் சென்றனர். மணிக்கட்டு முறிந்திருக்கக்கூடும் என்று கருதுகிறேன்.”

அந்த நிலையிலும் ஒரு விகுதிகூடப் பிசகவில்லை. சொல்லி முடித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

நடந்தது கிடங்குச் சந்தில். பஸ் நிறுத்தம், பூட்டிக் கிடந்த ஒரு பழைய கிடங்குக்கு அந்தப் பக்கம் இருந்தது. பஸ் அங்கே ஆட்களை இறக்கிவிட்டு, கிடங்கைச் சுற்றி வந்து, விடுதி வாசலை உரசிக்கொண்டு நிற்காமல் போகும். இறங்கினவர்கள் கிடங்கின் மதிலோரச் சந்து வழியாக நடந்து வந்தாக வேண்டும்.

அவனை ஆம்புலன்ஸில் ஏற்றி, தானும் ஏறிக்கொண்டு, இயக்குநருக்குப் போன் போட்டாள்.

“சந்துலயா?” என்றார் அவர். “சந்து நம்ம எல்லைக்குள்ள வராதே?”

“நாப்பது அடி வெளியில சார்.”

“அப்பாடா!” என்றார். கொஞ்சம் பொறுத்து, “பாவம், பையன் எப்படி இருக்கான்?” என்றும் கேட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, மாவுக்கட்டுப் போட்ட இலக்கணத்தைக் கூட்டிக்கொண்டு காவல் நிலையம் போனாள். எழுத்தர் அவன் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பேனாவை மூடினார்.

“அடிபட்டவன் இப்படியாம்மா பேசுவான்? மனப்பாடம் பண்ணிட்டு வந்து ஒப்பிக்கிற மாதிரி இருக்கு.”

“அவனுக்கு அழுதாக்கூட இப்படித்தான் சார் வரும்.”

எழுத்தர் ஒரு தாளில் ஏதோ கிறுக்கி நீட்டினார். ‘கைப்பேசி தொலைந்தது’ என்றிருந்தது.

“போன் தொலைஞ்சுதுன்னு எழுதிட்டீங்க. கையை எங்க தொலைச்சான்னு எழுதுவீங்க?”

“நீங்க இவனுக்கு என்ன வேணும்?”

அம்மா இல்லை, அத்தை இல்லை, டீச்சர்கூட இல்லை. “நான் அந்த விடுதி மேசையில இருக்கிறவ” என்றாள். சொன்னபோது அவளுக்கே அது ரொம்ப மெலிதாகக் கேட்டது. அதனால் பேச்சை விட்டுவிட்டு, கோப்புகள் அடுக்கிய பீரோவுக்கு எதிரே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். பீரோவைத் திறக்கிற ஒவ்வொருவரும் அவள் முழங்காலை இடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறந்து பாதியைப் பையனுக்கு ஊட்டினாள். மூன்றரை மணிக்கு எழுத்தர் அலுத்துப்போய், பையன் சொன்ன வாக்கியங்களையே அப்படியே தாளில் இறக்கி வைத்தார். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இல்லை. ‘மூவர் தாக்கினர்’ என்ற அந்தத் தாளின் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அவள் கிளம்பினாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை இலக்கணம் தன் அம்மாவோடு பேச அவளுடைய போனைக் கேட்டான். திரையில் தலை கலைந்த ஒரு பெண் வந்தாள். மாடிப்படியில் வழுக்கிவிட்டேன் என்று அவன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். அந்தம்மா எதையோ திரும்பத் திரும்பக் கேட்டாள்.

“என்ன கேக்கறாங்க?”

“இங்கு என்னைப் பார்த்துக்கொள்ள எவரேனும் இருக்கின்றனரா என்று வினவுகிறார்.”

“நடந்ததைச் சொல்லிடுடா.”

“சொன்னால் திரும்ப அழைத்துக்கொள்வார். படிப்பு இன்னும் ஓராண்டுதான் மீதம்.”

அப்புறம் அவன் தன் பாஷையில் என்னவோ சொன்னான். திரையில் அந்தம்மாவின் முகம் தெளிந்தது. மேசை அக்காவைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பினாள். இவளும் கூப்பினாள். போனை வைத்த பிறகு, “என்னடா சொன்னே?” என்று கேட்டாள்.

“நாள்தோறும் நீங்கள் என்னுடன் நடந்து வருவதாகச் சொன்னேன்.”

வாயே திறக்காமல் ஒரு தாயிடம் இவ்வளவு பெரிய பொய் சொல்ல முடியும் என்று அவள் நினைத்ததில்லை. மறுநாள் வேலைக்கு வந்ததும் பழைய பதிவேடுகளை எடுத்துப் புரட்டினாள். கடைசிக் கட்டம் ‘குறிப்பு’. பெரும்பாலும் காலியாக இருக்கும். மூன்று வருஷத்தில் ஏழு பேர் மட்டும் அதில் ‘கீழே விழுந்தேன்’ என்று எழுதியிருந்தார்கள். ஏழும் சாயங்காலம் ஆறுக்கும் ஏழுக்கும் நடுவில். ஏழையும் அவளே பார்த்து, பக்கத்தைத் திருப்பி வைத்திருக்கிறாள்.

அந்த ஏழில் ஒருத்தி இன்னும் இரண்டாம் மாடியில்தான் இருந்தாள். மேசை அக்கா அவளைக் கூப்பிட்டுக் கேட்டாள். “ஏம்மா, நெசமாவே விழுந்தியா?”

“விழுந்தேன்னு சொன்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க அக்கா” என்றாள் அந்தப் பெண். “நீங்களும் கேக்கலையே.”

பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனாள். “ஏழு பேர் விழற அளவுக்கு அந்தச் சந்துல என்ன சார் எண்ணெயா ஊத்தி வச்சிருக்கு?”

இயக்குநர் முதலில் எழுந்து கதவைச் சாத்தினார். இதை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம் என்றார். அப்புறம் ஒரு குழு போட்டார். குழு மூன்று முறை கூடி, விடுதிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு விசில் வழங்கியது. பல்கலைக்கழக முத்திரை போட்ட நீல விசில்.

“ஊதினா யார் சார் வருவாங்க?”

“அது குழுவோட வரம்புக்குள்ள வராதும்மா.”

அன்று வீட்டில் சாப்பிடும்போது இதையெல்லாம் புருஷனிடம் கொட்டித் தீர்த்தாள். அவர் நகரப் பேருந்து ஓட்டுபவர். அந்தத் தடத்தில் சாயங்கால வண்டி அவருடையதுதான். வாயைத் திறந்தால் காசு கொட்டிவிடும் என்பது போல இருப்பார். “ம்” என்று மட்டும் சொல்லிக் கை கழுவினார். மறுநாள் சாயங்காலம் அந்த பஸ் விடுதி வாசலில் வந்து நின்றது. ஒன்பது பிள்ளைகள் இறங்கினார்கள். அதற்கடுத்த நாளும் நின்றது. மூன்றாவது வாரம், அனுமதியில்லாத இடத்தில் நிறுத்தியது ஏன் என்று அவருக்கு மெமோ வந்தது.

“நான் என்னத்தை எழுதறது? பிரேக் பிடிச்சேன், நின்னுச்சு” என்றார்.

“நீங்க சும்மா இருங்க” என்று அவள் உட்கார்ந்து விளக்கக் கடிதம் எழுதினாள். காவல் நிலைய நகலையும், பதிவேட்டின் ஏழு பக்கங்களின் நகலையும் சேர்த்துப் பின் அடித்தாள். பிள்ளைகளின் பேர்களை மட்டும் மை தடவி மறைத்தாள்.

அதைப் படித்த போக்குவரத்து அதிகாரி, புருஷனை நேரில் கூப்பிட்டு விட்டார்.

“இதை எதுக்கய்யா எனக்கு அனுப்பினே? இப்ப என் பார்வைக்கு வந்தாச்சு. நாளைக்கு ஒருத்தன் அடிபட்டா, தெரிஞ்சும் சும்மா இருந்தான்னு என் தலையில்ல உருளும்!”

பிள்ளைகள் தலை உருண்டபோது அசையாத கோப்பு, அதிகாரி தலை என்றதும் ஓட ஆரம்பித்தது. பதினோராம் நாள் விடுதி வாசலில் நிறுத்தப் பலகை நட்டுவிட்டார்கள். இயக்குநர் ரிப்பன் வெட்டினார். நலப் பிரிவின் இடைவிடாத முயற்சி என்று பேசினார். விழாவுக்கு மேசை அக்காவையும் கூப்பிட்டிருந்தார்கள், நாற்காலிகளை எண்ணி வாங்கி வைக்க.

அந்த மூன்று பேரும் அடுத்த மாதம் பிடிபட்டார்கள். கிடங்குக்குள் புகுந்து செம்புக் கம்பி திருடினார்கள் என்று அதன் முதலாளி புகார் கொடுத்ததும், இரண்டே நாளில் ஆளைத் தூக்கிவிட்டார்கள். அவர்கள் வீட்டில் பதினான்கு போன் இருந்தது. அடையாளம் காட்டப் போன இலக்கணம், “இதுவே என்னுடையது” என்று சொன்னதை எழுத்தர் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

புருஷன் விஷயத்தில் போக்குவரத்து அலுவலகம் நியாயத்தை விடவில்லை. நிறுத்தம் வந்தது சரி, ஆனால் வருவதற்கு முன்னாலேயே நிறுத்தியது குற்றம்தானே? பலகை நட்ட மறுநாளே அவரை ஊரின் மறுகோடித் தடத்துக்கு மாற்றிவிட்டிருந்தார்கள்.

பலகை நட்ட முதல் வாரம் ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சொன்னாள்: “இன்னைக்குப் பதினோரு பேர் இறங்கினாங்க.”

“யார் ஓட்டினது?”

“யாரோ சின்ன வயசு ஆள். பலகையைத் தாண்டிப் போய் நிறுத்தினான்.”

அவருக்கு முகம் சுண்டிவிட்டது. “எவ்வளவு தாண்டி?”

“ஒரு பத்தடி இருக்கும்.”

“பத்தடியா!” என்றார். “கேட்டுக்கு நேரா நிறுத்தணும்னு நீ சொல்றதுக்கு என்ன? நாளைக்கே சொல்லு அவன்கிட்ட.”

கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை. சொல்றேன் என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.