தமயந்தியின் நோட்டு

ஆண்டிமடத்தில் முந்திரிக்கொட்டை உடைக்கும் வேணிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் பிள்ளைகளுக்கு இலவசமாகப் படிக்கச் சொல்லித்தரும் தமயந்தியை அவள் நம்பவே இல்லை.

"சம்பளமில்லாம எவ வருவா? புள்ளைங்க பேரையெல்லாம் நோட்டுல எதுக்கு எழுதுறா? ஓட்டுக்கு ஆள் புடிக்கிறாளோ?" என்று தெருவெல்லாம் கேட்டாள்.

ஒருநாள் வகுப்புக்குள் புகுந்து, நோட்டைப் பிடுங்கி, அங்கே படிக்கும் தன் மகளிடம் நீட்டினாள்.

"என்னா எழுதியிருக்கா? படிடீ."

ஏழு வயது யாழினி விரல் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள்: "யாழினி. கூச்சம் அதிகம். அதட்டக் கூடாது."

மூன்று மாதம் முன்பு தன் பேரைக்கூட வாசிக்கத் தெரியாத பிள்ளை. வேணி நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

"உக்காருங்கக்கா" என்றாள் தமயந்தி.

"உக்காரத்தான் போறேன். நாளைக்கும் வந்து பாப்பேன்" என்றாள் வேணி, விறைப்பு குறையாமல்.