கேட்டதைக் கொடுத்த விசா

எங்கள் கம்பெனியில் லீவு கேட்பது ஒரு தனி வித்தை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி தயாரிக்கும் ஆலை ஒன்றில் முப்பது வருடமாக இருக்கிறேன். நான்கு நாள் வேண்டுமென்றால் எட்டு நாள் எழுத வேண்டும். ஷிப்ட் இன்சார்ஜ் சிவப்புப் பேனாவால் எட்டை அடித்து நான்காக்குவார். அவருக்கும் திருப்தி, நமக்கும் திருப்தி. காரணம் என்ற இடத்தில் ஒரு சாவைப் போட்டுவிட வேண்டும். என் மாமியாரையே மூன்று தடவை சாகடித்திருக்கிறேன். அவர் ஆர்.கே.பேட்டையில் இன்றைக்கும் வேளை தவறாமல் நாஷ்டா சாப்பிடுகிறார்.

இந்தப் புத்தியோடுதான் ஆஸ்திரேலியா விசாவுக்கும் போய் உட்கார்ந்தேன்.

அங்கே மகளுக்குப் பிரசவம். உதவிக்கு ஆள் இல்லை. என் மனைவி போய், குழந்தை பிறந்து கொஞ்சம் தேறும்வரை இருந்துவிட்டு வருவதாக ஏற்பாடு. ஆறு மாதம் என்று நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். அதற்கு மேல் அவள் இல்லாமல் என்னால் இருக்க முடியாது. இதை வெளியே சொல்ல வெட்கமாக இருந்ததால், எனக்குச் சமைக்கத் தெரியாது என்று மட்டும் சொல்லி வைத்தேன்.

பஜாரில் பிரவுசிங் சென்டர் நடத்தும் பெண் விண்ணப்பத்தைத் திறந்தாள். மகள் பொறுப்பேற்று அழைக்கும் விசா ஒன்று. அதற்கு அவளிடம் பெரிய தொகையைப் பிணையாகக் கேட்டாலும் கேட்பார்களாம். சாதாரண டூரிஸ்ட் விசா இன்னொன்று. டூரிஸ்ட்டே போதும் என்றேன். அடுத்து, எத்தனை மாதம் தங்க வேண்டும் என்று கேட்டது. மூன்று, ஆறு, பன்னிரண்டு.

"ஆறு போட்டுடட்டாண்ணா?"

"பன்னெண்டு போடும்மா. நாம பன்னெண்டு கேட்டாத்தான் அவன் ஆறு குடுப்பான்."

"அவங்கல்லாம் அப்டி கொறைப்பாங்களாண்ணா?"

"எல்லா ஆபீசும் ஒண்ணுதாம்மா. நான் பாக்காத ஆபீசா?"

ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் நெஞ்சு எக்ஸ்ரே வேண்டும் என்று பதில் வந்தது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பேரம் சூடு பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டு, மனைவியை மின்சார ரயிலில் சென்னைக்கு அழைத்துப் போய் எக்ஸ்ரே எடுத்து வந்தேன். மீஞ்சூர் வரை நின்றுகொண்டே போனோம்.

விசா வந்தது. பன்னிரண்டு மாதம். ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. ஒரு அரசாங்கம் இப்படியா இருக்கும்? எதற்கு இத்தனை மாதம் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

"ஒரு வருசமா!" என்றாள் மனைவி. "அப்பிடின்னா புள்ள நடக்கறதயே பாத்துட்டு வந்துடலாம்."

"குட்த்துட்டான்றதுக்காக பூராவும் இருக்கணும்னு இல்ல மே."

"நீதான கேட்ட?"

நான்தான் கேட்டேன்.

அவள் போனாள். பேத்தி பிறந்தாள். நான் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டேன். பக்கத்து வீட்டில் அதைக் குழம்பு என்று நினைத்தார்கள். ஆறு மாதம் முடியும் நேரத்தில் மகள் போனில், "நைனா, நான் வேலைக்குப் போவணும். விசாதான் இன்னும் ஆறு மாசம் இருக்குதே" என்றாள். அந்தப் பன்னிரண்டைப் போடச் சொன்ன வாயை என்ன செய்வதென்று தெரியாமல் சரி என்றேன்.

எட்டாவது மாதம் ஒரு நாள் வீடியோவில் பேசியபோது மனைவி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊர் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"எனக்கு இன்னா தெரியும்? பேருக்குத்தான் டூரிஸ்ட் விசா. நான் சுத்திப் பாத்தது அடுப்படி, துணி மிஷினு, தொட்டிலு. பத்து நிமிசத்துல கடல் கீதாம். இவங்க கூட்டினு போறோம்னு சொல்லிக்கினே கீறாங்க."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். எனக்கு மகள் மேல் கோபம் பொங்கியது. போனை வைத்த பிறகு அந்தக் கோபம் திரும்பி என் மேலேயே வந்தது. இங்கே பழவேற்காட்டுக் கடல் எவ்வளவு தூரம்? கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அழைத்துப் போனேன். அப்புறம் இருபத்தெட்டு வருடம் அடுத்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று சொல்லியே ஓட்டிவிட்டேன்.

மறுநாள் போன் செய்து, "நான் அங்க வர்றேன். கடலுக்குப் போலாம்" என்றேன்.

"வா, வா" என்றாள். பழவேற்காட்டுக்குப் போகலாம் என்று நான் சொல்லும்போதெல்லாம் சொல்வாளே, அதே குரல்.

லீவு லெட்டர் எழுதினேன். காரணம்: மனைவியுடன் ஊர் சுற்றிப் பார்க்க. நாட்கள்: இருபத்தொன்று. இன்சார்ஜ் சிவப்புப் பேனாவைத் திறந்தவர் அப்படியே நின்றார்.

"இன்னாய்யா, இந்த தபா யாரும் சாவலையா?"

"இல்ல சார்."

"பாதி பத்தரை வருதே. பத்தாக்கிடவா, பதினொண்ணாக்கிடவா?"

"சார், எனக்கு இருவத்தொண்ணும் வேணும். அவ எட்டு மாசமா சமைச்சிக்கினே கீறா. கடலக் காட்டணும்."

சிவப்புப் பேனாவை மூடினார். பிறகு நீலப் பேனாவை எடுத்து அப்படியே கையெழுத்துப் போட்டார். பிரவுசிங் சென்டரில் எனக்கு மூன்று மாத விசா போதும் என்றேன். இருப்பதிலேயே சின்னது அதுதான். எக்ஸ்ரே இல்லாமல் அதுவும் வந்தது.

லீவு கிடைத்ததை மனைவிக்குப் போனில் சொன்னேன்.

"எத்தினி நாள் எழுதின?"

"இருவத்தொண்ணு."

"எத்தினி குட்தாங்க?"

"இருவத்தொண்ணு."



"நெசமாவே வர்றியா?" என்றாள். "நீ இன்னா சொன்னாலும் நானும் பாதியாத்தான்யா எடுத்துக்குவேன். பொண்ணு நேத்து கடலுக்குக் கூப்ட்டா. அப்பிடியும் நான் போவல, நீ வந்தா சேந்து பாத்துக்கலாம்னு. திரும்பறதுக்கு எனக்கும் சேத்து டிக்கெட் போட்டுடு."