ஒரு மில்லிசெகண்ட் தூரத்தில் தம்பி

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது எனக்கே நடந்தது. பேய் என்றால் ராத்திரி, சுடுகாடு என்று நினைப்பவர்கள் மன்னிக்க வேண்டும். எனக்கு நேர்ந்தது பட்டப்பகலில், ஏசி போட்ட கட்டுப்பாட்டு அறையில்.

தரையில் கேபிள், வானத்தில் செயற்கைக்கோள்கள். இரண்டையும் சேர்த்துத் தகவலுக்கு வழி போடுவது எங்கள் வேலை. லட்சக்கணக்கான கருவிகளின் முகவரியை ஒவ்வொரு கோளும் மனப்பாடம் செய்ய முடியாது. அதனால் வட்டாரத்துக்கு ஒரு நுழைவு நிலையம். உள்ளே யார் எங்கே என்பது அதற்கு மட்டும் தெரிந்தால் போதும். மற்ற கோள்களெல்லாம் தகவலை 'அந்தப் பக்கம் போ' என்று கைகாட்டிவிடும்.

அன்று அடித்த புயலில் ஒரு தீவின் நுழைவு நிலையமே போய்விட்டது. அங்கே கோபுரம் பழுதுபார்க்கப் போன என் தம்பி வெள்ளத்தில் மாட்டிக்கொண்டான். கையில் செய்தி அனுப்பும் கருவி ஒன்றுதான். எந்த இடம் என்று தெரிந்தால்தான் மீட்புப் படகு கிளம்பும்.

ஒரே வழிதான் இருந்தது. ஒவ்வொரு கோளாக எண் அடித்து, அவன் கருவி வரைக்கும் நானே பாதை போட வேண்டும். அதற்கு எங்கள் தலைமைப் பொறியாளரிடம் அனுமதி கேட்டேன்; அவருக்கு ஹெட்மாஸ்டர் என்று பட்டப்பெயர்.

"ஊருக்கே வழியில்லாம முழிக்கிறோம், உன் தம்பிக்குத் தனி ரோடு கேக்குதா?" என்றவர் என் முகத்தைப் பார்த்தார். "சரி, போட்டுத் தொலை." வெளியே போய்விட்டார்.

கோள் எண்களை அவசர அவசரமாக அடித்தேன். இயந்திரம் பாதையை ஏற்றது.

'எங்கடா இருக்க?' என்று தட்டி அனுப்பினேன்.

'வந்துட்டிருக்கேண்ணா.'

போன உயிர் திரும்பியது எனக்கு. திரையின் ஓரத்தில், தகவல் போய்த் திரும்பிய நேரம்: 92 மில்லிசெகண்ட். கோள் வழியாக என்றால் அவ்வளவு ஆகும். சரிதான்.

'இடத்தைச் சொல்லுடா. படகு நிக்குது.'

'பக்கத்துல வந்துட்டேண்ணா.'

40.

அது குறையக் கூடாது. தூரம் குறைந்தால்தான் நேரம் குறையும்...

11.

3.

1... அடுத்த அறையிலிருந்து வந்தால்தான் ஒன்று.

டக்... டக்...

கதவு.

ஓடினேன். திறந்தேன். வெறும் நடைபாதை.

திரும்பினால், எண் ஏறிக்கொண்டிருந்தது. 40... 92... 900... 9000. அத்தனை தூரத்தில் எங்களுக்குக் கோளே கிடையாது.

'போகாதடா!'

'இங்க தண்ணி இல்லண்ணா. எதுவுமே இல்ல.'

அதோடு அறுந்தது.

மறுநாள் தம்பி கிடைத்தான். உடலாக.

ஒரு வாரம் கழித்து ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டார். நான் போட்ட பாதை அவர் திரையில் இருந்தது.

"371 போடறதுக்குப் பதிலா 317 போட்டிருக்கப்பா."

பதற்றத்தில் எண் மாறியிருக்கும் என்றேன். அவர் 317-இன் பதிவைத் திறந்து காட்டினார்.

317 போன வருடமே வானத்தில் எரிந்து சாம்பலான கோள்.

இல்லாத கோளின் எண்ணை இயந்திரம் அந்த நொடியே தள்ளிவிடும். அவர் கண்ணெதிரே மறுபடி அடித்துப் பார்த்தேன். 'அப்படி ஒரு கோள் இல்லை' என்றது.

இன்னமும் தினம் அடித்துப் பார்க்கிறேன்.