விரலைக் கிழிக்காத கண்ணாடி

அவளை எல்லோரும் மைக் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் பள்ளிச் சான்றிதழோடு சரி. தையல் கடையில் அத்தனை மெஷினும் ஒன்றாக ஓடும்போதுகூட அவள் பேசுவது எதிர்க்கடைக்குத் தெளிவாகக் கேட்கும். "அம்மா தாயே, என் காதுக்கு லீவு குடு" என்று முதலாளி கையெடுத்துக் கும்பிடுவார். அப்படி ஒரு குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அவளுக்கே வெகுநாள் தெரியாமல் இருந்தது. நர்ஸ் குவார்ட்டர்ஸ் விவகாரம் வந்தபோது தெரிந்துவிட்டது.

ஆஸ்பத்திரி ஊருக்கு வெளியே போன பிறகு, நர்சுகள் தங்கியிருந்த அந்தப் பழைய மாடிக் கட்டடம் பூட்டியே கிடந்தது. நம் தாத்தாக்களுக்கே மூத்த கட்டடம். அகலமான வராந்தா, ஆளுயர ஜன்னல்கள், ஏறினால் முனகாத தேக்குப் படிகள். அதை இடித்துக் கடைகள் கட்டப் போகிறோம் என்று நகராட்சி அறிவித்ததும், அவள் போய் நகராட்சி அலுவலக வாசலில் நின்றாள்.

"வீடில்லாம நாங்க அல்லாடுறோம். ஆளில்லாம அந்த வீடு அல்லாடுது. ரெண்டையும் சேத்து வைக்க உங்களுக்கு என்னய்யா வலிக்குது?"

மாடியில் கூட்டம் நடத்திக்கொண்டிருந்தவர்கள் ஜன்னலைச் சாத்தினார்கள். சாத்தியும் கேட்டது.

மறியல், மனு, கோர்ட்டு என்று நாயாய்ப் பேயாய் அலைந்த பிறகு நகராட்சி ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தது. சுவர் விரிசல்களின் குறுக்கே ஒரு பொறியாளர் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளைச் சிமெண்டு வைத்து ஒட்டினார். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். மழைக்காலம் முடியும்வரை உடையாவிட்டால் கட்டடத்தைப் பழுதுபார்த்துக் குறைந்த வாடகைக்கு விடுவார்கள். எந்தப் பக்கம் உடைகிறதோ, அந்தப் பக்கத்தில் யாருக்கும் வீடு கிடையாது.

யாருக்கு எந்த வீடு என்று முன்கூட்டியே போட்ட குலுக்கலில் அவளுக்கு விழுந்தது வடக்குப் பக்கம், படிக்கட்டை ஒட்டிய வீடு. அந்த வீட்டை அவள் எப்படி நம்பியிருந்தாள் என்று சொன்னால்தான் மற்றது புரியும். கணவன், மாமியார், வயசுக்கு வந்த மகள், எல்லோருக்கும் சேர்த்து இப்போது ஒரே அறை, நடுவில் ஒரு சேலைத் திரை. அதையும் மாதக் கடைசியில் காலி பண்ணச் சொல்லிவிட்டார் வீட்டுக்காரர். வேறெங்கும் வாடகை கட்டுப்படியாகவில்லை.

மழைக்காலம் முடிந்து, பொறியாளர் கண்ணாடிகளைப் பார்க்க வருவதற்கு முந்தின நாள் குடும்பங்கள் எல்லாம் கட்டடத்தைக் கூட்டிப் பெருக்கின. வடக்குப் படிக்கட்டை அவள் கணவன் ஏற்றுக்கொண்டான். படத்துக்கு ஃப்ரேம் போடும் கடையில் கண்ணாடி அறுக்கிறவன் அவன். அதிர்ந்து பேசமாட்டான். வீட்டுக்குச் சேர்த்து அவள் பேசிவிடுகிறாளே, அதனால் இருக்கும்.

மறுநாள் காலை பொறியாளர் பின்னால் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். ஒவ்வொரு கண்ணாடியிலும் டார்ச் அடித்துப் பார்த்தார். தெற்கு முடிந்தது. மேற்கு முடிந்தது. வடக்குப் படிக்கட்டுக்கு வந்தார்கள். பொறியாளர் குனிந்தார், பார்த்தார், நிமிர்ந்தார்.

"இதுவும் முழுசாத்தான் இருக்கு."

கைதட்டல் கிளம்பியது. பக்கத்து அறை ஒதுக்கப்பட்டிருந்த இஸ்திரிக்காரம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மைக் அக்காவும் அழுதாள். அழுதுகொண்டே, மகளின் கன்னத்தைத் தடவுவதுபோல அந்தக் கண்ணாடியைத் தடவினாள்.

ஓரம் வழவழவென்று இருந்தது.

பொறியாளர் ஒட்டிய நாளில் துண்டுகளை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான். அறுத்த ஓரம் கட்டைவிரலைக் கிழித்து இரத்தம் வந்தது. ஓரத்தைக் கல்லில் தேய்த்து மழுக்காமல் ஒரு துண்டுக் கண்ணாடியைக்கூடக் கையைவிட்டுக் கொடுக்காத ஆள் அவளுக்குத் தெரிந்து ஒருவன்தான். திரும்பிப் பார்த்தாள். சில படிகள் கீழே நின்றிருந்த கணவன் வேண்டாம் என்பதுபோல் தலையை அசைத்தான்.

பொறியாளர் ஃபைலை மூடிக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார். மேலே, வடக்கு அறைகளில், அதற்குள் இஸ்திரிக்காரம்மாவின் பேரப்பிள்ளைகள் குதித்து ஓடும் சத்தம். அவள் கணவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் தன் செருப்பைப் பார்த்தான். பொறியாளர் அவனைத் தாண்டிக் கடைசிப் படிக்கும் வந்துவிட்டார்.

"சார்."

பக்கத்தில் நின்றவர்களுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை கூப்பிட வேண்டியிருந்தது.

"சார், அந்தக் கண்ணாடி நீங்க ஒட்டினது இல்ல. நீங்க ஒட்டினது உடைஞ்சிருச்சு."

"யார் மாத்தினது?"

"நாங்கதான்" என்றாள்.

பொறியாளர் திரும்ப ஏறி வந்து சிமெண்டைச் சுரண்டிப் பார்த்தார். விரிசலுக்குள் அவர் சுண்டுவிரல் நுழைந்தது. பிள்ளைகளை உடனே கீழே இறக்கச் சொன்னார். வடக்குப் பக்கத்துக்குப் பூட்டு விழுந்தது. மற்ற பக்கங்களை வாடகைக்கு விடலாம் என்று அங்கேயே நின்று எழுதிக் கொடுத்தார். ஊர் ஜெயித்தது. இஸ்திரிக்காரம்மா பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு மைக் அக்காவின் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனாள். சுவர் விழுந்திருந்தால் அடியில் கிடந்திருப்பது யார் பிள்ளைகள் என்று யோசிக்க அந்தம்மாவுக்கு இன்னும் நேரம் வரவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

புருஷனும் பெண்டாட்டியும் வீட்டுக்கு நடந்தார்கள். தெரு திரும்பும் இடத்தில் அவன் நின்றான். கண் கலங்கியிருந்தது.

"நமக்குன்னு ஒரு வீடு வரட்டும்னுதான் பண்ணேன். ஊருக்கெல்லாம் பேசற. ஒரே ஒரு தடவை நீ வாய மூடிட்டு இருந்திருக்கக் கூடாதா?"

"மூடிட்டுத்தான் இருந்தேன்" என்றாள். "அவரு கடைசிப் படி இறங்கற வரைக்கும். நீங்க சொல்லுவீங்கன்னு."