பொட்டு வைக்காத கார்

என் கம்பெனியில் ஒரு கார் நிற்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் குமட்டுகிறது. கார் மேல் தப்பில்லை, அது பாட்டுக்கு நிற்கிறது. அதற்காக நான் என்னவாக ஆனேன் என்று நினைத்தால்தான் வாயெல்லாம் கசக்கிறது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அலுமினிய வார்ப்பு போடும் சின்னக் கம்பெனி என்னுடையது. அலுமினியத்தை உருக்கி அச்சில் ஊற்றி, ஆறியதும் பிசிறைத் தேய்த்து, பம்பு செய்கிறவர்களுக்கு அனுப்புவோம். ஐம்பது பேர் வேலை செய்கிறார்கள். நானும் பதினோரு வருஷம் இன்னொருத்தர் உலைக்கு முன்னால் நின்றவன்தான். உலைச் சூடு எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெரியாமல் செய்துவிட்டேன் என்று நான் பிறகு நழுவக் கூடாது.

கார் இங்கிலாந்தில் செய்தது. ரேஸ் டிராக்கில் ஓட்டுவதற்கென்றே சில நூறு மட்டும் செய்து, போதும் என்று நிறுத்திவிட்ட கார். எத்தனையாவது கார் என்ற நம்பரைச் சின்னத் தகட்டில் பொறித்து டேஷ்போர்டில் பதித்திருக்கிறார்கள். எடை குறைய வேண்டும் என்பதற்காக உள்ளே இருந்ததையெல்லாம் கழற்றிவிட்டார்கள். கதவைத் திறக்கக் கைப்பிடி கிடையாது, ஒரு துணிப் பட்டையைப் பிடித்து இழுக்க வேண்டும். காலுக்கடியில் கார்பெட் கிடையாது. பாட்டு கிடையாது. ஏசி கிடையாது. இதெல்லாம் இல்லாததற்குத்தான் விலை அதிகம்.

"ஒண்ணுமே இல்லாததுக்கா இவ்ளோ குடுத்தீங்க?" என்றாள் என் மனைவி. விஷயம் தெரிந்தவன் மாதிரி சிரித்து வைத்தேன்.

வாங்கிய புதிதில் நான் ஒழுங்காகத்தான் இருந்தேன். ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ரேஸ் டிராக் ஒன்று இருக்கிறது. மூன்று ஞாயிற்றுக்கிழமை காலைகளில் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் அங்கே ஓட்டினேன். சீட் பெல்ட் இரண்டு தோளையும் சேர்த்து இறுக்கியது. வளைவில் திரும்பும்போது ரோட்டில் இருக்கும் ஒவ்வொரு கல்லும் என் முதுகெலும்புக்குத் தெரிந்தது. சட்டை பிழிகிற அளவுக்கு வியர்த்து, காது அடைத்து, வெளியே வந்து தரையில் உட்கார்ந்து சிரித்தேன். ஐம்பது வயதுக்கு மேல் அப்படிச் சிரித்தது அந்த மூன்று நாளும்தான்.

அப்புறம்தான் அந்தக் கார் வைத்திருப்பவர்களின் வாட்ஸாப் குரூப்பில் என்னைச் சேர்த்தார்கள். ஓட்டுவதைப் பற்றி அங்கே ஒருத்தரும் பேசவில்லை. யாருடைய கார் எவ்வளவு குறைவாக ஓடியிருக்கிறது என்றுதான் பேச்சு. நான் டிராக் போட்டோவைப் போட்டதும், ஏதோ பெண்டாட்டியை அடித்துவிட்டு வந்தவனைக் கேட்பது போலக் கேட்டார்கள். ஏன் சார் ஓட்டினீர்கள், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் விலை இறங்குமே, காரோடு வந்த டயரையாவது மாற்றாமல் விட்டீர்களா? அவர்களைப் பார்த்தால் எனக்கு அப்போதே அருவருப்பு வந்திருக்க வேண்டும். எனக்குப் பயம்தான் வந்தது. அன்றோடு ஓட்டுவதை நிறுத்திவிட்டேன்.

திருவள்ளூரில் என் வீட்டுத் தெருவில் அந்தக் கார் நுழைய முடியாது. ஒவ்வொரு வேகத்தடையிலும் அதன் வயிறு தட்டும். அதனால் கம்பெனியின் பின்பக்கக் குடோனில் பாதியைத் தடுத்து, டைல்ஸ் போட்டு, ரூம் கட்டினேன். ஈரக்காற்று பட்டால் உள்ளே துரு வரும் என்று குரூப்பில் சொன்னார்கள். இரவும் பகலும் ஓடுகிற மாதிரி ஏசி மாட்டினேன். சுற்றிலும் கயிறு கட்டினேன். ஏசி இல்லாத காருக்கு ஏசி ரூம். சுவருக்கு அந்தப் பக்கம் உலை. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே ஐம்பது பேருக்கு ஆறு ஃபேன், அதுவும் அனல்காற்றைத்தான் வாரி அடிக்கும். சுவரில் கை வைத்தால் இந்தப் பக்கம் ஜில்லென்றும் அந்தப் பக்கம் சூடாகவும் இருக்கும். நான் தினமும் அந்தச் சுவரைத் தாண்டித்தான் போய் வந்தேன். ஒரு நாளும் உறுத்தவில்லை.

அந்த வருஷம் ஆயுதபூஜை வந்தது. எங்கள் கம்பெனியில் அன்றைக்கு எதையும் விடமாட்டார்கள். உலை, கிரைண்டர், தராசு, தள்ளுவண்டி, துடைப்பம், டாய்லெட் பக்கெட் வரைக்கும் கழுவிச் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். சூப்பர்வைசர் என்னோடு பழைய கம்பெனியில் உலையில் நின்றவர். அவர் ஆசையாகக் கிண்ணத்தில் சந்தனம் குழைத்துக்கொண்டு கார் ரூமுக்கு வந்தார். பானெட்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டார். நான் பார்த்துவிட்டேன்.

"கையை எடுய்யா!" என்று கத்தினேன். "இன்னான்னு தெரியுமா இது? உன் சைக்கிள்னு நெனச்சியா? இதுக்கு யாரும் பொட்டு வெக்கக் கூடாது, சொல்லிட்டேன்!"

அவர் என்னைவிட இரண்டு வயது பெரியவர். "தெரியாம வெச்சிட்டேன் சார்" என்று சொல்லிவிட்டுக் கிண்ணத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டு போனார். காருக்குப் பளபளப்பில்லாத சாம்பல் பெயிண்ட், தேய்த்தால் தேய்த்த இடம் தனியாகத் தெரியும். சென்னையிலிருந்து ஆள் வரவழைத்து அந்தப் பொட்டை எடுத்தேன். பூஜைக்கு வைத்த பொரியை அன்றைக்கு நான் தின்னவில்லை, கோபம். சந்தனம் பட்டதற்குக் கோபம்! எழுதும்போதே கூசுகிறது.

அடுத்த வருஷம் கத்திரி வெயிலில் பெங்களூர்க்காரர் ஒருவர் காரை விலைக்குக் கேட்டார். அதன் இன்றைய மதிப்பை எழுதிக் கொடுக்க மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். வெள்ளைச் சட்டை, மெல்லிய கையுறை. பெயிண்டின் கனத்தை அளக்கும் சின்னக் கருவியை அங்குலம் அங்குலமாக வைத்துப் பார்த்தார். டார்ச்சை அடித்துக் குனிந்து குனிந்து தேடினார். காருக்குள் தலையை விட்டு சீட்டை மோந்துகூடப் பார்த்தார். நான் பின்னாலேயே பரீட்சைப் பேப்பர் வாங்கப் போகிறவன் மாதிரி நின்றேன். பானெட்டில் டார்ச் நின்றது.

"இங்க எதோ லேசா இருக்கே சார்?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல சார், வெளிச்சம்" என்றேன்.

அப்போதுதான் கதவு தடாலென்று திறந்தது. சூப்பர்வைசரும் இரண்டு பெண்களுமாக ஒரு பெண்ணைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பிசிறு தேய்க்கும் இடத்தில் வேலை செய்கிறவள், ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வருகிறவள். வாய் கோணியிருந்தது, கண் மேலே போயிருந்தது.

"மயங்கி உழுந்துட்டா சார். ஒடம்பு நெருப்பா கொதிக்குது. இங்கதான் சார் ஜில்லுனு இருக்குது" என்றார் சூப்பர்வைசர்.

கயிற்றை யார் அவிழ்த்தார்கள் என்று தெரியவில்லை. காரின் முன் சக்கரத்துக்குப் பக்கத்தில், நேராக ஏசிக் காற்று படும் இடத்தில் கிடத்தினார்கள். அவளோடு வந்தவள் முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டே அழுதாள். "காலீல நாஷ்டா கூட துன்னல சார், வண்டிய உட்ருவோம்னு ஓடியாந்தா."

கீழே கிடந்தவள் ஒருக்களித்து வாந்தி எடுத்தாள். வெறும் மஞ்சள் தண்ணி. தரையிலும் விழுந்தது, சக்கரத்திலும் தெறித்தது.

நான் பாக்கெட்டிலிருந்து கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு குனிந்தேன். அவள் முகத்தைத் துடைக்கத்தான் குனிகிறேன் என்று நினைத்து, பக்கத்தில் இருந்தவள் எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள். நான் சக்கரத்தைத் துடைத்தேன். நிதானமாக, கம்பிகளுக்கு நடுவில் விரலை விட்டு, ஒரு துளி விடாமல் துடைத்தேன். துடைத்து முடிக்கும்வரை என்ன செய்கிறேன் என்று எனக்கே தெரியாது. நிமிர்ந்தபோது மூன்று பேரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சூப்பர்வைசர் தன் தோளில் இருந்த அழுக்குத் துண்டை எடுத்து அவள் வாயைத் துடைத்தார்.

அப்புறம்தான் எனக்குப் புத்தி வந்து, ஆஸ்பத்திரிக்குப் போக என் வீட்டுக் காரை வரச் சொன்னேன். அவளைத் தூக்கிக்கொண்டு போனதும் மதிப்பீட்டாளர் மூக்கிலிருந்து கையை எடுத்தார்.

"நல்ல வேளை சார், ஒடனே தொடைச்சீங்க" என்றார். "வாந்தில ஆசிட் இருக்கும். ரெண்டு நிமிஷம் உட்டா ரிம் போயிருக்கும்."

அன்றைக்கு என்னைப் பாராட்டிய ஒரே ஆள் அவர்தான். வெளியே போய்க் குழாயடியில் கை கழுவினேன். சோப்பு போட்டு மூன்று முறை கழுவினேன். கர்ச்சீப்பைக் குப்பையில் போட்டேன். அப்போதும் என் கை எனக்குப் பிடிக்கவில்லை.

அரசு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிழைத்துக்கொண்டாள். இன்னும் அரை மணி நேரம் அந்தச் சூட்டிலேயே கிடந்திருந்தால் சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னாராம். ஐந்தாம் நாள் வேலைக்கு வந்தவள் முதலில் என் ரூமுக்குத்தான் வந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று எழுந்து நின்றேன்.

"சாரி சார். காருமேல பட்டுடிச்சாமே" என்றாள்.

"அதெல்லாம் இல்லம்மா, நீ போ" என்றேன். இதைவிட அவள் என் முகத்தில் துப்பியிருக்கலாம்.

மதிப்பீட்டு ரிப்போர்ட் வந்தது. ஒரு குறையும் இல்லை, வைத்திருக்கும் விதம் மிகச் சிறப்பு என்று எழுதி, நான் கொடுத்ததைவிடக் கூடுதலாக மதிப்பு போட்டிருந்தார்கள். படித்துவிட்டு டிராயரில் தள்ளினேன். பெங்களூர்க்காரருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். நல்ல மனசு என்று நினைத்துவிடாதீர்கள். விற்றுவிட்டால் அன்றைக்குச் சக்கரத்தைத் துடைத்த ஆள் நான்தான் என்பதை நானே மறந்துவிடுவேன் என்று தோன்றியது.

கயிற்றை எடுத்தேன். பாயும் தண்ணீர்க் கேனும் வைத்து, இனி எல்லாரும் டீ நேரத்திலும் சாப்பாட்டு நேரத்திலும் இங்கே உட்காரலாம் என்று சொன்னேன். உலைப் பக்கம் கூரையில் புகைபோக்கி வைத்தேன், பெரிய ஃபேன் போட்டேன். பழைய கம்பெனியில் உலை முன்னால் நிற்கும்போது நான் கேட்டுக் கேட்டு நொந்த விஷயங்கள்தான் எல்லாம். என் சொந்தக் கம்பெனியில் செய்ய எனக்கு ஒருத்தி செத்துப் பிழைக்க வேண்டியிருந்தது.

வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் சுவரோரமாக, முதுகைச் சுவரில் ஒட்டி, காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். டிபன் பாக்ஸைத் திறக்கும்போது காருக்கு முதுகைக் காட்டித் திறந்தார்கள். நடுவில் அத்தனை இடம் சும்மா கிடந்தது. "சாய்ஞ்சிக்கோங்க, ஒண்ணும் ஆவாது" என்று நான் ஒருமுறை பானெட்டில் தட்டிக் காட்டினேன். சூப்பர்வைசர், "இருக்கட்டும் சார்" என்றார். அத்தோடு முடிந்தது. ஒரு பொட்டு. அதை மட்டும் யாராவது வைத்துவிட்டால் போதும் என்று எனக்கு அன்றிலிருந்து ஒரு பைத்தியம் பிடித்தது. வைத்தால் என்னை மன்னித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

ஆயுதபூஜை வந்தது. இந்த முறை சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தவள் அன்றைக்கு மயங்கி விழுந்தவள்தான். உலைக்கு, கிரைண்டருக்கு, தராசுக்கு, புது ஃபேனுக்கு வைத்தாள். நான் முன்னாலேயே போய்க் கார் ரூமில் நின்றுகொண்டேன். உள்ளே வந்தாள். தண்ணீர்க் கேனுக்கு வைத்தாள். ஸ்டூல் போட்டு ஏறி ஏசிக்குப் பெரிதாக மூன்று பொட்டு வைத்து, சாமந்திச் சரம் சுற்றி, கன்னத்தில் போட்டுக்கொண்டாள். இறங்கி, காரைச் சுற்றிக்கொண்டு கதவுப் பக்கம் போனாள்.

"இதுக்கும் வைம்மா" என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சுவது போலக் கேட்டது.

நின்று, காரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். கோபம் எதுவும் இல்லை, நிஜமாகவே எனக்காகக் கவலைப்படுகிறவள் மாதிரிதான் சொன்னாள்.

"வாணாம் சார். கறையாயிடும். அப்பால நீங்கதான் குனிஞ்சி தொடைச்சிகினு இருக்கணும்."

சொல்லிவிட்டுக் கிண்ணத்தோடு போனாள். வாசலில் இருந்த துடைப்பத்துக்குப் பொட்டு வைத்தாள்.